கட்டுரையை அனுப்புமுன்: ஆய்விதழ்களுக்கான வடிவமைப்பும் உசாத்துணை முறையும்

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரும் கலைத்துறை ஆய்விதழ் ஒன்றின் பதிப்பு வேலைகளில் நான் உதவிக்கொண்டிருந்த காலத்தில், “கணபதிப்பிள்ளை இக்கருத்தை ஏற்பதில்லை” என்ற வரியும் அதன் பின்னே அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டும் மட்டும் கொண்ட கட்டுரை ஒன்று என் மேசைக்கு வந்தது. எந்தக் கணபதிப்பிள்ளை? பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையா (1899–1986), இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த க. கணபதிப்பிள்ளையா (1903–1968)? இருவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்; ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வாசகர்களை முன்வைத்து எழுதியவர்கள். கட்டுரையின் இறுதியிலிருந்த உசாத்துணைப் பட்டியலிலும் முன்னெழுத்து இல்லை, வெளியிட்ட இடமும் இல்லை. மீளாய்வாளர் “எவர் என்று தெளிவுபடுத்துக” என்று ஒரு வரி எழுதிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். ஒரேயோர் எழுத்து, ‘சி.’ என்றோ ‘க.’ என்றோ இருந்திருந்தால், அந்தக் கட்டுரை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போயிராது.

உசாத்துணை என்பது, இதே விடயத்தைப் பின்னர் தேடப்போகும் ஒருவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் விலாசம். விலாசம் எழுதும்போது வீட்டிலக்கத்தை விட்டுவிட்டு “கோயிலுக்குப் பக்கத்தில்” என்று எழுதினால் எழுதியவருக்கு விளங்கும், கடிதத்தைக் கொண்டுபோகிறவருக்கு விளங்காது. இதழ்கள் கேட்கும் விதிகள் பல அற்பமானவையாகத் தோன்றினாலும், அவற்றுட் பெரும்பாலானவை இந்த விலாசம் பிழைக்காதிருக்கவே வந்தவை. எஞ்சியவை அச்சுக்கோப்பவரின் வசதிக்காக வந்தவை. அவற்றையும் மதிக்கத்தான் வேண்டும்.

எந்த முறை?

எழுதத் தொடங்குமுன், அனுப்பவிருக்கும் இதழின் ‘கட்டுரையாளர்களுக்கான அறிவுறுத்தல்கள்’ என்ற பக்கத்தை ஒருமுறை முழுமையாகப் படித்து, அதே இதழின் கடைசி இரண்டு வெளியீடுகளில் உங்கள் துறை சார்ந்த கட்டுரை ஒன்றையேனும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவுறுத்தலில் சொல்லாத பலவற்றை அச்சான கட்டுரை சொல்லிவிடும். சமூக விஞ்ஞானம், கல்வியியல், உளவியல் சார்ந்த இதழ்கள் பெரும்பாலும் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையையும், மொழி இலக்கியம் சார்ந்தவை எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம்) முறையையும், வரலாறு சார்ந்தவை அடிக்குறிப்புகளைக் கொண்ட சிக்காகோ முறையையும் கேட்கின்றன. ஏ.பி.ஏ. முறையின் ஏழாம் பதிப்பு 2019இலும், எம்.எல்.ஏ. முறையின் ஒன்பதாம் பதிப்பு 2021இலும் வெளிவந்தன. பழைய பதிப்பைப் பார்த்து எழுதிய குறிப்பேடுகள் மாணவரிடையே போட்டோகொப்பியாக இன்றும் சுற்றிவருவதால், கையிலிருப்பது எந்தப் பதிப்பு என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. எடுத்துக்காட்டாக, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் எழுதிய நூலை ஏழாம் பதிப்பின்படி முதல் தடவையிலேயே முதலாமவர் பெயரோடு ‘மற்றும் பிறர்’ என்று சுருக்கிவிடலாம். ஆறாம் பதிப்பில் அப்படியல்ல.

இம்முறைகள் எவையும் தமிழை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை அல்ல. ஏ.பி.ஏ. முறை நூற்பெயரைச் சாய்வெழுத்தில் இடச் சொல்கிறது. தமிழ் எழுத்துருக்களிற் பலவற்றுக்கு முறையான சாய்வு வடிவம் இல்லை. கணினி எழுத்தை இயந்திரமாகச் சரித்துவிடுவதால் சுழிகளும் கொம்புகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வாசிக்கவே சிரமமாகும். நூற்பெயரைத் தடித்த எழுத்திலோ ஒற்றை மேற்கோட்குறிக்குள்ளோ தருவது தமிழ் இதழ்களில் வழங்கும் ஏற்பாடு. சாய்வெழுத்தே வேண்டும் என்று இதழ் வற்புறுத்தினால் வேறு பேச்சில்லை. அதுபோலவே, ஏழாம் பதிப்பு வெளியீட்டகத்தின் ஊரை எழுத வேண்டியதில்லை என்கிறது. ஒக்ஸ்போர்டில் வெளிவந்த நூலுக்கு அது சரியாக இருக்கலாம். ஆசிரியரே தம் செலவில் வெளியிட்டு, உரும்பிராயிலோ கரவெட்டியிலோ தம் வீட்டு விலாசத்தைப் போட்ட நூலுக்கு ஊர்ப்பெயர்தான் ஒரே அடையாளம். இதழ் வெளிப்படையாகத் தடுத்தாலன்றி ஊரை எழுதுங்கள் என்பது என் கருத்து.

பாமினியும் யூனிகோட்டும்

வடிவமைப்பு விதிகளில் நம்மவரை அதிகம் அலைக்கழிப்பது எழுத்துருதான். இங்கு தட்டெழுதப் பழகியவர்களிற் பெரும்பாலானோரின் விரல்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்குப் பழகியவை. பாமினியில் எழுதிய கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் வரிசையே. எழுத்துரு அவ்வெழுத்துகளுக்குத் தமிழ் முகமூடியை மாட்டிவிடுகிறது. ஆகவே அக்கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறப்பவருக்குக் கிடைப்பது புரியாத எழுத்துக் குவியல். தேடுபொறியாலும் அதைத் தமிழாகப் படிக்க இயலாது. இன்றைய இதழ்கள், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியேற்றமான யூனிகோட்டைக் கேட்பது இதனாலேயாகும்.

பாமினியில் எழுதி, எழுத்துரு மாற்றும் செயலியான ‘மாற்றி’யின் வழியாக யூனிகோட்டுக்குக் கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால், மாற்றிக்குத் தமிழ் எது, ஆங்கிலம் எது என்று பிரித்தறியத் தெரியாது. கட்டுரையின் இடையே ஆங்கிலத்தில் எழுதிய கொழும்பு என்ற ஊர்ப்பெயர், முழுக் கட்டுரையையும் ஒரே மூச்சில் மாற்றும்போது ‘ஊழடழஅடிழ’ என்று வந்து நிற்கும். பதிப்பாசிரியரைக் குறிக்கும் இரண்டெழுத்து ஆங்கிலச் சுருக்கம் ‘நன’ என்று மாறும். அதுவும் தமிழ்ச் சொற்போலவே இருப்பதால், அடைப்புக்குறிக்குள் அது அமைதியாக உட்கார்ந்திருப்பதை எழுத்துப்பிழை பார்ப்பவரும் தாண்டிப் போய்விடுவார். உசாத்துணைப் பட்டியலில்தான் ஆங்கிலம் அதிகம் கலந்திருக்கும் என்பதால் சேதமும் அங்கேதான் அதிகம். ஆங்கிலப் பகுதிகளை முதலில் வேறு கோப்பில் எடுத்து வைத்துவிட்டுத் தமிழை மட்டும் மாற்றுங்கள். மாற்றி முடித்தபின் ஆங்கிலத்தை அதன் இடத்தில் மீளச் சேருங்கள். அரை மணித்தியால வேலை.

மாற்றிய பின்னும் கண்ணுக்குத் தெரியாத சில பிழைகள் தங்கும். ‘ஔ’ என்பது ஓர் எழுத்து. பலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றையது அகப்படாது. ‘கௌ’ என்பதைக் கொம்பு, ‘க’, ‘ள’ என்று மூன்றாகத் தட்டுவதும் அதே வகைதான். கட்டுரையை முடித்தபின் ‘ஒள’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ‘ஒளி’, ‘ஒளவை’ எல்லாம் வரிசையாக வரும். ஒளியை விட்டுவிட்டு ஔவையைத் திருத்துங்கள்.

தாளளவு ஏ4, நாற்புறமும் ஓர் அங்குல ஓரம், வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி என்பன ஏறக்குறைய எல்லா இதழ்களுக்கும் பொது. ஒரே அளவில் இட்டாலும் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவதால், தமிழுக்கு 11, ரைம்ஸ் நியூ றோமன் ஆங்கிலத்துக்கு 12 என்று கேட்கும் இதழ்களும் உண்டு. சொல்லெண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை: ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களில் சொல்வதைத் தமிழில் ஒரே சொல்லாகப் புணர்த்தி எழுதிவிடலாம் என்பதால், 5000 சொற்கள் என்ற எல்லை தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலக் கட்டுரைக்குள்ளதைவிட அதிக இடம் தருகிறது. அந்த எல்லையையும் மீறிவிட்டுச் சொற்களை ஒட்டி ஒட்டிக் கணக்கைக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிப்பாசிரியருக்கு அது முதற் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பெயரை எழுதுதல்

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோ முன்னால் நிற்கும், தம் பெயர் பின்னால் வரும். ஆகவே உசாத்துணைப் பட்டியலில் ‘கைலாசபதி, க.’, ‘சிவத்தம்பி, கா.’ என்று தம் பெயரை முன்னே நிறுத்தி, காற்புள்ளியிட்டு, முன்னெழுத்தைப் பின்னே எழுதுவது பொருந்தும். இங்கேதான் ஆங்கில நூல்களைத் தமிழ்ப் பட்டியலோடு சேர்ப்பவர் தடுக்கி விழுகிறார். கனகசபாபதியின் மகன் கைலாசபதிக்கும், கார்த்திகேசுவின் மகன் சிவத்தம்பிக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘கே’ எழுத்துத்தான். ஆங்கில நூலிலிருந்து பெயரைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ‘க.’ என்றோ ‘கா.’ என்றோ ஊகித்து எழுதாமல், அவருடைய தமிழ் நூல் ஒன்றின் முகப்புப் பக்கத்தைப் பார்த்து எழுத வேண்டும். ‘கே. கைலாசபதி’ என்று ஆங்கில எழுத்தின் ஒலியைத் தமிழில் எழுதுவது இன்னொரு வழக்கம். அப்படி எழுதினால் ஒரே ஆசிரியர் பட்டியலில் இருவராகிவிடுவார்.

இணையவழியே கட்டுரையைச் சமர்ப்பிக்கும் படிவங்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் தந்தையாரின் பெயரையும், ‘முதற் பெயர்’ என்ற கட்டத்தில் தம் பெயரையும் நிரப்பிவிட்டால், நாளை உலகத்தார் மேற்கோள் காட்டப்போவது உங்கள் தந்தையாரைத்தான். எந்தப் பெயரால் நீங்கள் அறியப்பட வேண்டுமோ அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டு, அந்த வடிவத்தை எல்லாக் கட்டுரைகளிலும் மாற்றாமல் வைத்திருங்கள். ஆய்வாளரை அடையாளங்காட்டும், 16 இலக்கங்கள் கொண்ட ஓர்கிட் எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டால், பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினாலும் கட்டுரைகள் உங்களோடு சேர்ந்தே நிற்கும். திருமணத்தின்பின் முன்னெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளருக்கு இது மிகவும் உதவும். அத்தகைய ஒருவரின் நூலை நாம் மேற்கோள் காட்டும்போது, நூலின் முகப்பில் உள்ள முன்னெழுத்தே பட்டியலுக்கு உரியது; இன்றைய முன்னெழுத்தை அதில் ஏற்றக் கூடாது.

பட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலாநிதி, பேராசிரியர், பண்டிதர், வித்துவான் என்று அழைத்துப் பழகிய நமக்கு வெறும் பெயரை எழுத வாய் கூசும். கட்டுரையின் நடுவே, முதல் தடவை பெயரைச் சொல்லும்போது மரியாதை கருதி எழுதலாம். உசாத்துணைப் பட்டியலில் அவை வேண்டா. ஆனால் துறவுப் பெயரோடு ஒட்டி நிற்கும் ‘சுவாமி’ பட்டமன்று. ‘ஞானப்பிரகாசர், சுவாமி’, ‘விபுலாநந்தர், சுவாமி’ என்று பின்னே எழுதிவிடலாம். விபுலாநந்தரா விபுலானந்தரா என்ற ஐயம் வரும். நூலின் முகப்பு எப்படிச் சொல்கிறதோ அப்படியே.

ஆண்டும் பதிப்பும் அச்சகமும்

சுவாமி ஞானப்பிரகாசரின் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ 1928இல் வெளிவந்தது. முதலியார் இராசநாயகத்தின் ஆங்கில நூலான ‘பண்டைய யாழ்ப்பாணம்’ 1926இல் வெளிவந்தது. இவை பிற்காலத்தில் மறுபதிப்பாகக் கிடைப்பவை. மறுபதிப்பின் ஆண்டை மட்டும் எழுதினால், 1920களின் வரலாற்று விவாதத்தில் பங்கெடுத்த ஒருவர் நேற்று எழுதியவராகிவிடுவார். முதற்பதிப்பின் ஆண்டை மட்டும் எழுதினால், பக்க எண் பொருந்தாது. ஏனெனில் நீங்கள் பார்த்தது மறுபதிப்பின் பக்கத்தை. இரண்டையும் எழுதுங்கள்: மறுபதிப்பின் ஆண்டைப் பட்டியலில் தந்து, முதற்பதிப்பு 1928 என்று இறுதியில் அடைப்புக்குறிக்குள் சேர்த்தால் போதும். சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளை மேற்கோள் காட்டுவோருக்கு இது இன்னும் முக்கியம். அவர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868இலும், பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885இலும் பதிப்பித்தார். பதிப்புரையை எழுதியவர் தாமோதரம்பிள்ளை, நூலாசிரியர் தொல்காப்பியர், உரைகாரர் இன்னொருவர். மேற்கோள் யாருடைய சொல் என்பதை உள்ளுரையிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் கிறிஸ்தவ ஆண்டுக்குப் பதிலாக அறுபது ஆண்டு வட்டத்தின் பெயர் இருக்கும். ஒரு நூலின் முகப்பில் ‘விரோதி வருடம் தை மாதம்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விரோதி 1829, 1889, 1949, 2009 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. நூலின் ஏனைய சான்றுகளிலிருந்து அது 1889இல் தொடங்கிய விரோதி என்று தெரிந்தால், அவசரத்தில் 1889 என்று எழுதிவிடுவோம். தை மாதமோ அடுத்த ஆண்டின் ஜனவரியில் பிறப்பது. ஆகவே சரியான ஆண்டு 1890. ‘விரோதி, தை [1890]’ என்று முகப்பிலுள்ளதை முதலிலும், நீங்கள் கணித்ததைச் சதுர அடைப்புக்குறிக்குள்ளும் எழுதுங்கள். கணிப்புத் தவறாக இருந்தாலும் அடுத்தவர் திருத்திக்கொள்ள வழி இருக்கும்.

அச்சகத்தையும் வெளியீட்டகத்தையும் ஒன்றாகக் கொள்வது இங்கு பரவலான பிழை. நம் நூல்கள் பலவற்றின் உட்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அச்சிட்ட அச்சகத்தின் பெயர். வெளியிட்டவர் ஒரு சங்கமாகவோ, ஆலய பரிபாலன சபையாகவோ, நூலாசிரியரின் குடும்பத்தாராகவோ இருப்பர். நினைவு மலர்கள் பெரும்பாலும் இவ்வகையின. வெளியிட்டவர் யார் என்று நூலில் தெளிவாக இருந்தால் அவரையே எழுதுங்கள். இல்லையெனில் ‘அச்சிட்டது’ என்ற சொல்லைச் சேர்த்து அச்சகத்தின் பெயரை எழுதுங்கள்.

நிறுவனங்களின் பெயரும் அவ்வக்காலத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1976இல் வளாகம் வெளியிட்டதைப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக எழுதினால் காலம் குழம்பும். இன்னொரு பொறியும் உண்டு: 1942இலிருந்து சிலோன் பல்கலைக்கழகம் என்றும் 1972இலிருந்து ஸ்ரீலங்கா பல்கலைக்கழகம் என்றும் ஆங்கிலத்தில் வழங்கிய இரண்டும் தமிழில் ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ தான். ஆண்டும் வளாகத்தின் பெயரும் சேர்ந்து நின்றாலன்றி எது எதுவென்று தெரியாது.

இலக்கியம், ஓலை, பத்திரிகை, வாய்மொழி

பழைய இலக்கியங்களுக்குப் பக்க எண்ணால் பயனில்லை. பாட்டெண்ணும் அடியெண்ணுமே எல்லாப் பதிப்புக்கும் பொது. குறளுக்குக் குறளெண், புறநானூற்றுக்குப் பாட்டும் அடியும், சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியும். தேவாரத்துக்குத் திருமுறை, பதிகம், பாட்டு என்ற வரிசை: திருக்கேதீச்சரத்தின்மீது சம்பந்தர் பாடியதன் முதற் பாட்டை 2.107:1 என்று எழுதினால் உலகின் எந்த மூலையிலும் எடுத்துக்கொள்வார்கள். தொல்காப்பியத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். நூற்பாக்களைப் பிரித்த முறை உரைகாரருக்கு உரைகாரர் வேறுபடுவதால் எண்ணும் மாறும். இளம்பூரணரா நச்சினார்க்கினியரா என்று சொல்லாமல் நூற்பா எண்ணை எழுதுவது அரை விலாசம்.

ஓலைச்சுவடியாயின் அது இப்போது இருக்கும் இடம், சுவடி எண், ஏட்டின் எண், முன்பக்கமா பின்பக்கமா என்பன வேண்டும். தனியார் வீட்டில் இருப்பதாயின் உரிமையாளரின் சம்மதத்தோடு மட்டும் பெயரை எழுதுங்கள்.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அதன் பின்னும் இடப்பெயர்வுகளில் வீட்டு நூலகங்கள் பல சிதறின. ஒரு நூலின் படி எங்கே இருக்கிறது என்பது இங்கே சாதாரணத் தகவலன்று. அரிதான நூலாயின், ‘பார்த்த படி இன்ன நூலகத்தில், இன்ன எண்ணில்’ என்று அடிக்குறிப்பில் எழுதுவதை எந்த முறையும் கட்டாயமாக்கவில்லை, ஆயினும் எழுதுங்கள். 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் பார்த்திருந்தால், அங்கே அந்நூலுக்கு உரிய நூலக எண்ணையும் சேருங்கள். அப்போது ஒன்றை மறவாதீர்கள்: பீ.டி.எப். கோப்பின் பக்க எண் வேறு, அச்சான பக்கத்தின் எண் வேறு. அட்டை, முகப்பு, அணிந்துரை எல்லாம் சேர்த்துக் கோப்பில் 37ஆகக் காட்டுவது, தாளின் அடியில் 25 என்று அச்சாகியிருக்கலாம். நானே என் முதற் கட்டுரை முழுவதிலும் கோப்பின் எண்களை எழுதி, அச்சுநூலைக் கையில் வைத்திருந்த மீளாய்வாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எழுத வேண்டியது தாளில் அச்சான எண். ஒரு பக்கமாயின் ‘ப. 25’, பலவாயின் ‘பக். 25–31’.

பத்திரிகைச் செய்திக்குப் பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம் ஆகியவை போதும். வெளியான இடத்தையும் சேர்த்தால் நல்லது. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய ‘உதயதாரகை’ தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்திகளைத் தந்த இதழ். அதிலிருந்து எடுப்பவர் எந்த மொழிப் பகுதி என்று குறிக்க வேண்டும்.

வாய்மொழிச் சான்றுகளில் உரையாடிய திகதியும் ஊரும் பட்டியலிலன்றி அடிக்குறிப்பில் வருவது நல்லது. போர்க்காலம், காணாமல் ஆக்கப்பட்டோர், காணி பற்றிய ஆய்வாயின் தகவலாளரின் பெயரை மாற்றி, மாற்றியிருக்கிறோம் என்பதை ஒருமுறை தெரிவியுங்கள். பெயரை மாற்றிவிட்டு ஊரையும் தொழிலையும் வயதையும் அப்படியே விட்டால் பயனில்லை. நம் ஊர்களில் “இன்ன குறிச்சியில் தையற்கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுப் பெண்” என்றாலே அயலவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

மேற்கோளும் பட்டியலும்

மேற்கோளின் எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள். பழைய நூலில் ‘பிரசித்தஞ் செய்யப்பட்டது’ என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். சந்தியைப் பிரிப்பதாயினும் அதனைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஏ.பி.ஏ. முறைப்படி 40 சொற்களும் அதற்கு மேலும் உள்ள மேற்கோள் மேற்கோட்குறியின்றித் தனிப் பந்தியாக உள்தள்ளி வரும். தமிழின் 40 சொற்கள் நீளமானவை என்பதால், மூன்று நான்கு வரிகளைத் தாண்டினாலே தனிப் பந்தியாக்கிவிடுவது வாசிக்க வசதி. நீங்கள் நேரில் பாராத நூலைப் பார்த்ததுபோல எழுத வேண்டாம். யாழ்ப்பாண வரலாற்றைக் கூறும் பழைய நூலான ‘யாழ்ப்பாண வைபவமாலை’க்கு பிரிட்டோ 1879இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை நீங்கள் இன்னொருவரின் நூல்வழியே அறிந்திருந்தால், அந்த இன்னொருவரின் நூலையே பட்டியலில் எழுதி, உள்ளுரையில் ‘மேற்கோளாக எடுத்தாளப்பட்டது’ என்று குறிப்பிடுங்கள். அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் உசாத்துணை கேட்டு எழுதிய கட்டுரைகளும் வரத் தொடங்கியுள்ளன; ஆசிரியர் உண்மை, ஆண்டு பொருத்தம், நூல்தான் உலகில் இல்லை. பதிப்பாசிரியர் தேடிப் பார்ப்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

பட்டியலை அகரவரிசைப்படுத்தக் கணினியிடம் விட்டுவிட்டால், சில செயலிகள் நம் நெடுங்கணக்கை அல்லாமல் யூனிகோட் எண் வரிசையைப் பின்பற்றும். யூனிகோட்டில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வைக்கப்பட்டிருக்கிறது. நெடுங்கணக்கிலோ ‘ன’ கடைசி. ஆகவே கமலநாதனுக்குப் பின் வர வேண்டிய கனகசபை முன்னே வந்துவிடுவார். ‘ஜ’ என்பது ‘ச’வுக்குப் பின்னே நுழைந்து, ஞானப்பிரகாசருக்கு முன்னால் ஜெயராசாவைக் கொண்டுவந்து நிறுத்தும். கிரந்த எழுத்துகளை இறுதியில் வைப்பதே நம் அகராதி மரபு. அறுபது எழுபது பதிவுகள் கொண்ட பட்டியலைக் கையாலேயே ஒருமுறை வரிசைப் பார்த்துவிடலாம். தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் தனித்தனிப் பட்டியலாக இடுவதா, ஒன்றாகவா என்பதை இதழே முடிவு செய்யட்டும்.

ஆங்கில எழுத்தில் பட்டியலைப் பெயர்த்துத் தரும்படி கேட்கும் இதழ்களுக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிக்கனின் ஒலிபெயர்ப்பு முறை நம்பகமானது. அதில் ‘ள’ கீழே புள்ளியிட்ட எல், ‘ழ’ கீழே கோடிட்ட எல். ‘ண’வும் ‘ன’வும் அதேபோலப் புள்ளியாலும் கோட்டாலும் பிரியும். பருத்தித்துறை போன்ற ஊர்களை வழக்கிலுள்ள ஆங்கிலப் பெயரால் எழுதுவதா ஒலிபெயர்ப்பதா என்பதை முதற் பதிவிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அனுப்புதல்

பெயர் மறைத்து மீளாய்வு செய்யும் இதழாயின், பெயரும் நிறுவனமும் மின்னஞ்சலும் உள்ள தலைப்புப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்குங்கள். கட்டுரைக் கோப்பின் பண்புகளில், வேர்ட் தானாகவே எழுதிவைக்கும் ஆசிரியர் பெயரையும் நீக்க வேண்டும். ‘எனது முந்தைய கட்டுரையில்’ என்று எழுதியிருந்தால் அதைப் படர்க்கைக்கு மாற்றுங்கள். ஆய்வுச் சுருக்கமும் திறவுச்சொற்களும் இரு மொழியிலும் கேட்கப்படும். தமிழ்ச் சுருக்கத்தை முதலில் எழுதி, ஆங்கிலத்தைப் புதிதாக எழுதினால் இரண்டும் வாசிக்கத்தக்கதாக இருக்கும்.

கடைசியாக, பட்டியலை அச்செடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டு, உள்ளுரையில் வரும் ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் அதில் தேடிப் பென்சிலால் அடையாளமிடுங்கள். அடையாளம் விழாத பதிவுகள் எங்கும் மேற்கோள் காட்டப்படாதவை, நீக்குங்கள். உள்ளுரையில் 1997 என்றும் பட்டியலில் 1979 என்றும் இருப்பவை இந்த வேளையில்தான் கண்ணிற் படும். ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் பக்கமாக்கிய பிரதி பீ.டி.எப்.ஆக வரும்போது, இதே பென்சில் வேலையை ஆங்கிலச் சொற்களுக்கும் கீழ்ப்புள்ளி எழுத்துகளுக்கும் இன்னொருமுறை செய்யுங்கள். பக்கமாக்குபவர் தம் எழுத்துருவுக்கு மாற்றும்போது அந்தப் புள்ளிகள் சதுரக் கட்டங்களாக மாறியிருக்கக்கூடும்; ‘ஊழடழஅடிழ’வும் திரும்பி வந்திருக்கக்கூடும்.